இணைய நிர்வாகப் பணிக்குழுவில் எனக்கு ஓட்டு உண்டா? புதிதாக நுழைபவருக்கு ஒரு வழிகாட்டி

இணையத்தின் விதிகளை வகுக்கும் ஒரு பணிக்குழுவில் பெயர் கொடுத்துவிட்டீர்கள். மின்னஞ்சல்கள் வந்து குவிய ஆரம்பித்துவிட்டன. புதிதாக வருகிற எல்லோருக்கும் முதலில் எழுகிற கேள்வி உங்களுக்கும் எழும்: எனக்கு இங்கே ஓட்டு உண்டா?

பல குழுக்களில் இதற்கான பதில், உங்களுக்கும் இல்லை, வேறு யாருக்கும் இல்லை என்பதுதான். கேட்டதும் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் காரணம் நியாயமானது. இந்தக் குழுக்களின் கதவு திறந்தே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் சேரலாம். அப்படிப்பட்ட இடத்தில் தலைகளை எண்ணி முடிவெடுத்தால், நிறைய ஆட்களை அனுப்ப வசதியுள்ள நிறுவனம் ஒவ்வொரு முறையும் ஜெயித்துவிடும். வாக்காளர் பட்டியல் இல்லாத இடத்தில் பெரும்பான்மை என்ற சொல்லுக்கு அர்த்தமே கிடையாது.

ஆகவே இந்த அமைப்புகளுக்கு இரண்டு வழிகள்தான். கதவைத் திறந்து வைத்து எண்ணுவதைக் கைவிடலாம், அல்லது ஒரு பட்டியல் போட்டு அதற்குள் எண்ணலாம். சில அமைப்புகள் கீழ்மட்டத்தில் முதல் வழியையும் மேல்மட்டத்தில் இரண்டாவது வழியையும் பின்பற்றுகின்றன. நீங்கள் நிற்கும் இடம் எது, அங்கே எது எண்ணப்படுகிறது, எண்ணுபவர் யார் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் மீதி எல்லாவற்றையும் போகப்போகக் கற்றுக்கொள்ளலாம்.

முதலில்: எந்த வகைக் குழு இது?

இணையத்தின் தொழில்நுட்பத் தரநிலைகளை எழுதும் இணையப் பொறியியல் பணிக்குழு, அதாவது ஐஇடிஎஃப், 1986-இல் தொடங்கியது. இன்றுவரை அதற்கு உறுப்பினர் பட்டியல் கிடையாது. மின்னஞ்சல் குழுவில் சேர்ந்து எழுத ஆரம்பித்தால் நீங்களும் ஒரு பங்கேற்பாளர். 1992-இல் கணினி விஞ்ஞானி டேவிட் கிளார்க் அங்கே ஆற்றிய உரையில், அரசர்களையும் அதிபர்களையும் வாக்கெடுப்பையும் நாங்கள் நிராகரிக்கிறோம், தோராயமான ஒருமித்த கருத்தையும் ஓடுகிற கணினி நிரலையும் நம்புகிறோம் என்று சொன்னார். அந்த வரி அப்படியே அந்த அமைப்பின் அடையாளமாகிவிட்டது.

இணையத்தில் இணைந்த கருவிகளை அடையாளம் காட்டும் எண்களான ஐபி முகவரிகளைப் பங்கிடும் ஐந்து மண்டலப் பதிவகங்களில்தான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். ஏபிநிக், ரைப் என்சிசி, ஆரின், லாக்னிக், ஆஃப்ரிநிக் ஆகிய இவை ஒவ்வொன்றிலும் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. முகவரிகளை யாருக்கு எப்படிக் கொடுப்பது என்ற கொள்கை விவாதத்தில் யாரும் கலந்துகொள்ளலாம். நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் உறுப்பினர் நிறுவனங்கள் மட்டுமே வாக்களிக்கும். அந்த வாக்குகளும் எல்லா இடத்திலும் ஒரே எடை கொண்டவை அல்ல. ரைப் என்சிசியில் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. ஏபிநிக்கில் உறுப்பினர் அடுக்கைப் பொறுத்து 1 வாக்கு முதல் 64 வாக்குகள் வரை. உங்கள் நிறுவனம் உறுப்பினர் என்றால், அந்த வாக்கைப் போடும் அதிகாரம் நிறுவனத்துக்குள் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இப்போதே கேட்டு வையுங்கள். எப்போதோ வேலையை விட்டுப் போனவர் பெயர் அங்கே இருந்தால் தேர்தல் நாளில் ஒன்றும் செய்ய முடியாது.

டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் ஒரு கலப்பு. கீழே இருக்கும் பணிக்குழு ஒருமித்த கருத்தில் இயங்கும். அதன் பரிந்துரை மேலே ஒரு கவுன்சிலுக்குப் போகும், அங்கே வாக்கெடுப்பு நடக்கும். அதற்கும் மேலே இயக்குநர் குழு, அங்கேயும் வாக்கெடுப்பு. 

பட்டியல் போட்டு எண்ணும் அமைப்புகளுக்கு உதாரணம், சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ பிரவுசர் ஃபோரம். ஒரு வலைத்தளம் உண்மையானது என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ்களின் விதிகளை அதுதான் எழுதுகிறது. வாக்கு நிறுவனங்களுக்கு மட்டும். வைஃபை தரநிலைகளை எழுதும் ஐஇஇஇ 802 குழுக்களில் தனிநபருக்கு வாக்கு உண்டு, ஆனால் அதைக் கூட்டங்களுக்கு வந்து சம்பாதிக்க வேண்டும்.

சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் முற்றிலும் வேறு உலகம். ஒப்பந்த மாநாடுகளில் ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு, நிறுவனங்களுக்கும் தனிநபர்களுக்கும் இல்லை. அங்கேயும் வாக்கு எண்ணிக்கை எல்லாவற்றையும் தீர்த்துவிடுவதில்லை. 2012 டிசம்பரில் துபாயில் நடந்த மாநாட்டில் 144 நாடுகளில் 89 மட்டுமே புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கையெழுத்துப் போடாத நாடுகளைப் பெரும்பான்மையைக் காட்டிக் கட்டுப்படுத்த முடியவில்லை. அந்த மேடையில் உங்கள் குரல் கேட்க வேண்டுமானால், உங்கள் நாட்டுப் பிரதிநிதிகள் குழு கிளம்புவதற்கு முன்பே அவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும்.

அடுத்தது: சாசனத்தை எடுத்து வைத்துப் படியுங்கள்

ஒவ்வொரு பணிக்குழுவுக்கும் ஒரு சாசனம் உண்டு. பெரும்பாலும் சில பக்கங்கள்தான். குழுவில் பல மாதங்களாக இருப்பவர்களில்கூட இதை முழுதாகப் படித்தவர்கள் குறைவு என்பதால், படித்தவர் பேச்சுக்குத் தனி மதிப்பு வந்துவிடுகிறது.

முதலில் ஆட்களின் வகைப்பாட்டைத் தேடுங்கள். உறுப்பினர், பங்கேற்பாளர், பார்வையாளர் என்று மூன்று பெயர்கள் இருந்தால் அவை சும்மா இல்லை. ஐகானில் பல சமூகங்கள், அதாவது அதற்குள் இருக்கும் பல தரப்பினரின் அமைப்புகள், சேர்ந்து நடத்தும் குழுக்களில் யாரும் பங்கேற்பாளராக வந்து பேசலாம், எழுதலாம். ஆனால் ஒருமித்த கருத்தை அளக்கும் கட்டத்தில், சமூகங்கள் நியமித்த உறுப்பினர்களின் நிலைப்பாடுதான் கணக்கில் வரும். பார்வையாளர் என்றால் பெரும்பாலும் மின்னஞ்சல்களைப் படிக்கலாம், எழுத முடியாது. எந்த வகையில் உங்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்று குழுவின் பக்கத்தில் போய்ச் சரிபாருங்கள். தவறாக இருந்தால் முதல் வாரமே செயலகத்துக்கு எழுதுங்கள்.

பிறகு முடிவெடுக்கும் முறை. ஒருமித்த கருத்து என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தியிருந்தால் அது போதாது. அதை அறிவிப்பவர் யார், எத்தனை சுற்று, மாற்றுக் கருத்து அறிக்கையில் இடம்பெறுமா, தலைவரின் அறிவிப்பை எதிர்த்து யாரிடம் போகலாம் என்பதெல்லாம் சாசனத்திலோ அது சுட்டிக்காட்டும் பொது விதிகளிலோ இருக்க வேண்டும். எங்கேயும் இல்லையென்றால், குழு தொடங்கும்போதே கேளுங்கள். சண்டை வந்த பிறகு கேட்டால் நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்து கேட்பதாகத் தோன்றும்.

எல்லை என்ற பகுதியையும் விடாதீர்கள். குழு எதைப் பற்றிப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று அங்கே எழுதியிருக்கும். நல்ல வாதத்தோடு வருகிற புதியவர்கள், இது எங்கள் எல்லைக்குள் இல்லை என்ற ஒரே வரியில் திருப்பி அனுப்பப்படுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். உங்கள் வாதத்தைச் சாசனத்தின் எந்தக் கேள்வியோடு கட்டுவது என்பதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

நுழையும்போது கையெழுத்தாகும் விஷயங்கள்

ஐகானில் நலன் அறிவிப்பு என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். எங்கே வேலை பார்க்கிறீர்கள், யார் உங்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள், யாருக்காகப் பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள். முழுமையாக எழுதுங்கள், வேலை மாறினால் திருத்துங்கள். ஐஇடிஎஃப்பில் வேறொரு கடமை இருக்கிறது. நீங்கள் பேசும் தொழில்நுட்பத்தின் மீது உங்களுக்கோ உங்கள் நிறுவனத்துக்கோ காப்புரிமை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதை வெளிப்படுத்த வேண்டும். கூட்டத்தில் பேசுவதும் மின்னஞ்சல் எழுதுவதுமே இந்த விதிக்கு ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

தனியாக வருபவர்களுக்கு ஒரு யோசனை. ஐகானில் எந்த அணியில் சேர்கிறீர்கள் என்பதே உங்கள் வாக்கைத் தீர்மானிக்கிறது. வணிக நோக்கமற்ற தரப்பினரின் அணியில் தனிநபருக்கு 1 வாக்கு, சிறிய அமைப்புக்கு 2, பெரிய அமைப்புக்கு 4. அந்த வாக்குகளால்தான் அந்த அணி தன் கவுன்சில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறது. ஆக, பணிக்குழுவில் வாக்கு இல்லாதவர்கூட கவுன்சிலில் யார் உட்கார வேண்டும் என்பதில் வாக்குள்ளவராக இருக்க முடியும். இதை யாரும் வலியவந்து சொல்ல மாட்டார்கள், நீங்களாகப் போய்ச் சேர வேண்டும்.

எண்ணாமல் எப்படி அளக்கிறார்கள்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஐஇடிஎஃப் கூட்டங்களில் தலைவர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, ஆதரிப்பவர்கள் ஹம் செய்யுங்கள் என்பார். அறை முழுக்க வாயை மூடியபடி ஒரு முனகல் எழும். பிறகு எதிர்ப்பவர்களைக் கேட்பார், மறுபடி ஒரு முனகல். இதில் யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாது, எண்ணவும் முடியாது. அதுதான் இதன் நோக்கமும். தலைவருக்குத் தேவைப்படுவது அறையின் மனநிலை பற்றிய ஓர் ஊகம் மட்டுமே. இணையவழியில் வருபவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் இப்போது கை உயர்த்தும் மென்பொருள் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அதில் எண்கள் திரையில் தெரியும். அந்த எண்களை முடிவு என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டத்தில் எடுத்த எந்த நிலைப்பாடும் மின்னஞ்சல் குழுவில் உறுதி செய்யப்பட்ட பிறகுதான் நிற்கும்.

சரி, தோராயம் என்றால் எத்தனை சதவீதம்? ஐஇடிஎஃப்பின் ஆவணங்கள் ஆர்எஃப்சி என்ற பெயரில் எண்ணிட்டு வெளியாகின்றன. 1998-இல் வெளியான பணிக்குழு விதிகளான ஆர்எஃப்சி 2418, 51 சதவீதம் போதாது என்கிறது, 99 சதவீதம் தோராயத்தைவிட மேலானது என்கிறது. இடையில் எங்கே கோடு என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. 2014-இல் பீட் ரெஸ்னிக் எழுதிய ஆர்எஃப்சி 7282 இதை இன்னும் தெளிவாக்கியது. புதிதாக வரும் யாருக்கும் நான் முதலில் படிக்கச் சொல்வது அதைத்தான். அதன் சாரம் இது: ஒவ்வொரு ஆட்சேபனையையும் குழு எடுத்துப் பரிசீலித்துப் பதில் சொல்லியிருக்க வேண்டும், அதற்கு இணங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நூறு பேர் ஆதரித்து ஐந்து பேர் எதிர்க்கிறார்கள், அந்த ஐந்து பேர் சொல்லும் குறைக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்றால் அங்கே ஒருமித்த கருத்து இல்லை. தலைகீழாக, ஐந்து பேர் ஆதரித்து நூறு பேர் எதிர்த்தாலும், அந்த நூறு பேரின் ஆட்சேபனைக்கும் சரியான பதில் ஏற்கெனவே கிடைத்துவிட்டிருந்தால் ஒருமித்த கருத்து இருக்கலாம். 

கடைசி நாளில் நண்பர்களையெல்லாம் கூட்டி வந்து நானும் ஆதரிக்கிறேன் என்று ஆளுக்கொரு வரி எழுத வைப்பது இதனால்தான் எடுபடுவதில்லை. அனுபவமுள்ள தலைவர் அதை அழுத்தமாகப் பார்ப்பார், வாதமாகப் பார்க்க மாட்டார். ஒரே ஆளாக நீங்கள் எழுப்பிய நியாயமான குறைக்குப் பதில் வராதவரை அவரால் கதவைச் சாத்த முடியாது. வாக்குரிமை இல்லாத குழுவில் உங்களுக்கு இருக்கும் உண்மையான பலம் இதுவே. பெரிய நிறுவனத்தின் ஆளுக்கும் தனியாக வந்த மாணவிக்கும் இது சமமாக இருக்கிறது என்பதால்தான் இந்த முறைமேல் எனக்கு இவ்வளவு மதிப்பு.

ஐகான் பணிக்குழுக்களில் அளவுகோல் வேறு. ஒவ்வொரு பரிந்துரைக்கும் தலைவர் ஒரு தரம் குறிக்கிறார். முழு ஒருமித்த கருத்து என்றால் கடைசிச் சுற்றில் யாரும் எதிர்க்கவில்லை. ஒருமித்த கருத்து என்றால் மிகச் சிலர் எதிர்க்கிறார்கள், பெரும்பாலோர் ஏற்கிறார்கள். வலுவான ஆதரவு ஆனால் கணிசமான எதிர்ப்பு என்பது அடுத்தது. அதற்கும் கீழே பிளவு. சிறுபான்மைக் கருத்து என்பது தனி, அதைச் சிலர் மட்டும் முன்வைக்கிறார்கள். தலைவர் ஒரு தரத்தை முன்மொழிவார், குழு விவாதிக்கும், அவர் திருத்தி மறுபடி முன்மொழிவார். கருத்துக் கணிப்பு நடத்துவது அரிது, நடத்தினாலும் அது வாக்கெடுப்பாக மாறிவிடக் கூடாது என்று விதியிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

இந்தத் தரக் குறிப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தரம் மேலேயோ கீழேயோ போனால், மேல்மட்டத்தில் அந்தப் பரிந்துரையின் தலையெழுத்தே மாறும். தலைவர் தன் முன்மொழிவை அனுப்பும் நாளில் ஊரில் இல்லாமல் போய்விடாதீர்கள்.

எடைபோடத் தக்க ஓர் ஆட்சேபனை

ஒரு கற்பனை வரைவை எடுத்துக்கொள்வோம். மோசடிப் புகார் வந்த 24 மணி நேரத்தில், டொமைன் பெயரை விற்ற பதிவாளர் நிறுவனம் அதை முடக்க வேண்டும் என்று நான்காம் பிரிவு சொல்கிறது. நீங்கள் உடன்படவில்லை.

இது கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது, கடுமையாக எதிர்க்கிறேன் என்று எழுதினால் மனத்துக்கு ஆறுதலாக இருக்கும். தலைவரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 

இப்படி எழுதிப் பாருங்கள்: 'நான்காம் பிரிவின் முதல் வாக்கியம் எனக்கு ஏற்புடையதல்ல. டொமைனை முடக்கினால் வலைத்தளத்தோடு மின்னஞ்சலும் நின்றுவிடும். ஒரு மருத்துவமனையின் தளத்துக்குள் யாரோ புகுந்து மோசடிப் பக்கம் ஒன்றை வைத்தால், அந்த மருத்துவமனையின் மொத்தத் தொடர்பும் அறுந்துபோகும். பதிவுதாரருக்கு அறிவிப்பு அனுப்பி 72 மணி நேரம் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், அந்த டொமைன் மோசடிக்காகவே பதிவு செய்யப்பட்டது என்று தெரிந்தால் மட்டும் உடனே முடக்கலாம் என்று மாற்றினால் என் ஆட்சேபனையை விலக்கிக்கொள்வேன்.'

எந்த வாக்கியம், அதனால் யாருக்கு என்ன ஆகும், எதை மாற்றினால் சம்மதம். இந்த மூன்றும் இருந்தால் குழு உங்களுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சியில் முறையான ஆட்சேபனை தாக்கல் செய்பவரிடமும் ஏறக்குறைய இதையேதான் எதிர்பார்க்கிறார்கள்.

எல்லா வரிக்கும் இப்படி எழுதாதீர்கள். பிடிக்கவில்லை என்பது வேறு, ஏற்கவே முடியாது என்பது வேறு. பல தலைவர்கள் இரண்டாவதைத்தான் கேட்பார்கள். பிடிக்காத பத்தை விட்டுக்கொடுத்தவர், ஏற்க முடியாத ஒன்றைச் சொல்லும்போது அறை நின்று கேட்கும். இன்னொன்று, எதிர்ப்பை மட்டும் அல்ல, ஆதரவையும் காரணத்தோடு எழுதுங்கள். உங்களுக்குப் பிடித்த வாசகத்தை வேறொருவர் தாக்கும்போது அதற்கான பதில் ஏற்கெனவே பதிவில் இருக்கும்.

எண்ணுகிற இடங்களில் கணக்கு முக்கியம்

மேலே சொன்ன ஐகான் கவுன்சிலை, அதாவது .com போன்ற பொது டொமைன்களுக்கான கவுன்சிலை, எடுத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு அவைகளாகப் பிரிந்திருக்கிறது. ஐகானோடு ஒப்பந்தம் உள்ள, டொமைன்களை நிர்வகிக்கும் பதிவகங்களும் அவற்றை விற்கும் பதிவாளர்களும் ஓர் அவை, அதில் 7 வாக்குகள். ஒப்பந்தம் இல்லாத வணிகத் தரப்பும் வணிகமற்ற தரப்பும் இன்னோர் அவை, அதில் 13 வாக்குகள். சிறப்புப் பெரும்பான்மை வேண்டுமென்றால் ஒவ்வோர் அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது 5-ம் 9-ம். அல்லது ஓர் அவையில் நான்கில் மூன்றும் மற்றதில் சாதாரணப் பெரும்பான்மையும் கிடைத்தாலும் போதும். 7 பேர் அவையில் அது 6 பேர், மறுபக்கம் 7 பேர்.

இந்தச் சிறப்புப் பெரும்பான்மையைக் கௌரவத்துக்காக யாரும் தேடுவதில்லை. அது கிடைத்த பரிந்துரையை நிராகரிக்க இயக்குநர் குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமான வாக்கு தேவை. கிடைக்காவிட்டால் சாதாரணப் பெரும்பான்மையே நிராகரித்துவிடலாம். அரசுகளின் ஆலோசனைக் குழு ஒருமித்துக் கொடுக்கும் ஆலோசனைக்கு இன்னொரு கணக்கு, அதைத் தள்ள 60 சதவீதம் வேண்டும். பணிக்குழுவில் நீங்கள் ஒரு வாசகத்துக்காகப் போராடும்போது, மேலே இரண்டு அவைகளிலும் அது எத்தனை பேரைத் தாண்ட வேண்டும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எதிர் அவையில் இரண்டு பேரையாவது சம்மதிக்க வைக்கும் வாசகம், உங்கள் அவையின் கைதட்டல் வாங்கும் வாசகத்தைவிட அதிக தூரம் போகும்.

சிஏ பிரவுசர் ஃபோரத்திலும் இப்படி இரண்டு தரப்பு உண்டு. சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களில் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும், அவற்றைப் பயன்படுத்தும் பிரவுசர் தரப்பில் பாதிக்கு மேலும் வேண்டும். ஒரு தரப்பின் எண்ணிக்கை மற்றத் தரப்பை மூழ்கடித்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு.

ஐஇஇஇ 802-இல் கணக்கு வருகையில் தொடங்குகிறது. ஒரு கூட்டத்தொடருக்கு வந்ததாகக் கணக்கில் வர, அதன் அமர்வுகளில் 75 சதவீதத்திலாவது கலந்துகொண்டிருக்க வேண்டும். அப்படிச் சில தொடர்களுக்கு வந்த பிறகுதான் வாக்குரிமை. வருகையை நிறுத்தினாலோ, அனுப்பிய வாக்குச்சீட்டுகளுக்குப் பதில் போடாமல் இருந்தாலோ அது போய்விடும். தொழில்நுட்பத் தீர்மானம் நிறைவேற 75 சதவீத ஆதரவு வேண்டும். 

வராமல் இருப்பதும் ஒதுங்கி நிற்பதும்

வாக்களிக்காமல் விலகி நின்றால் யாருக்கும் பாதகம் இல்லை என்று பலர் நம்புகிறார்கள். அது எந்த மொத்தத்தில் பங்கு கணக்கிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சிஏ பிரவுசர் ஃபோரத்தில் விலகி நிற்பவர் கணக்கிலேயே வரமாட்டார். ஐகான் கவுன்சிலில் பெரும்பான்மை அவையின் மொத்த எண்ணிக்கையில் கணக்கிடப்படுவதால், விலகி நிற்பவரும் வராதவரும் எதிர்த்து வாக்களித்ததற்குச் சமம். 13 பேர் அவையில் மூன்றில் இரண்டு பங்குக்கு 9 வேண்டும், 5 பேர் நல்லெண்ணத்தோடு விலகி நின்றாலே அந்த வழி அடைபட்டுவிடும். அதனால்தான் அங்கே மூன்று மாற்று வழிகள் வைத்திருக்கிறார்கள். உறுப்பினரை நியமித்த அணியே எப்படி வாக்களிக்க வேண்டும் என்று அறிவுறுத்தலாம், தனக்குப் பதிலாக வாக்களிக்கும் உரிமையை, அதாவது பதில் வாக்கை, வேறோர் உறுப்பினரிடம் ஒப்படைக்கலாம், அல்லது தற்காலிக மாற்று உறுப்பினரை அனுப்பலாம். எதற்கும் முன்கூட்டியே எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும்.

தீர்மானத்தில் உங்களுக்கோ உங்கள் நிறுவனத்துக்கோ நேரடி லாப நஷ்டம் இருந்தால் விலகுவது வேறு விஷயம். அதைக் காரணத்தோடு, விவாதம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பேசி முடித்துவிட்டு வாக்கெடுப்பில் மட்டும் ஒதுங்குவது விலகல் ஆகாது.

பதில் வாக்கை எச்சரிக்கையோடு கையாளுங்கள். 2025 ஜூனில் ஆஃப்ரிநிக்கின் நிர்வாகக் குழுத் தேர்தல், இன்னொருவர் சார்பில் வாக்களிக்கும் அதிகாரப் பத்திரம் பற்றிய சர்ச்சையில் நிறுத்தப்பட்டு ரத்தானது. ஒரு மண்டலம் முழுவதுக்கும் முகவரி வழங்கும் அமைப்பு அது. யார் கையெழுத்துப் போட்டார், எந்தத் தீர்மானத்துக்கு, எத்தனை நாளுக்கு என்ற விவரமில்லாத ஒரு பத்திரத்தை நீங்கள் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

கூட்டத்தை இணையத்தில் பார்ப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: கூட்ட நேரமும் கெடு நேரமும் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யுடிசியில் இருக்கும், கெடு முடிவது உங்கள் நள்ளிரவில் அல்ல. கூட்டத்தைத் தவறவிட்டாலும் ஆட்டம் முடிந்துவிடவில்லை. ஏபிநிக்கில் கொள்கைக் கூட்டத்தில் ஒருமித்த கருத்து அறிவிக்கப்பட்ட பிறகும் சில வாரங்கள் இறுதிக் கருத்துக் காலம் இருக்கிறது. அந்த நாட்களில் வருகிற நல்ல ஆட்சேபனையும் முன்மொழிவை நிறுத்தலாம்.

முடிவு உங்களுக்கு எதிராகப் போனால்

முதலில், உங்கள் கருத்து இறுதி அறிக்கையில் சிறுபான்மைக் கருத்தாக இடம்பெற வேண்டும் என்று கேளுங்கள். நீங்களே எழுதிக் கொடுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல். மேலே வாக்களிக்கப் போகிறவர்கள் அதைப் படிப்பார்கள். அடுத்த முறை அதே விதி திருத்தத்துக்கு வரும்போது வேலை தொடங்குவதும் அங்கிருந்துதான்.

மேல்முறையீடு வேறு. தோற்றதற்காக அல்ல, நடைமுறை மீறப்பட்டதற்காக அல்லது உங்கள் ஆட்சேபனை பரிசீலிக்கப்படாமலே போனதற்காகத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும். ஐஇடிஎஃப்பில் முதலில் பணிக்குழுத் தலைவர், பிறகு அந்தத் துறையின் இயக்குநர், பிறகு வழிநடத்தும் குழுவான ஐஇஎஸ்ஜி, அதன்பின் கட்டமைப்பு வாரியமான ஐஏபி. முடிவு வெளியே தெரிந்த இரண்டு மாதங்களுக்குள் தொடங்கிவிட வேண்டும். ஐகான் பணிக்குழுவில் தலைவர் குறித்த தரம் தவறு என்று நினைத்தால் முதலில் அவரிடமே காரணத்தோடு மறுபரிசீலனை கேளுங்கள், அதற்குப் பிறகு குழுவை உருவாக்கிய கவுன்சிலிடம் போகலாம். இயக்குநர் குழுவின் முடிவை எதிர்த்து மறுபரிசீலனை மனு போட 30 நாள் கெடு. எங்கே போனாலும் தேதி, மின்னஞ்சல், விதியின் பிரிவு எண் மூன்றும் கையில் இருக்கட்டும். யாருடைய உள்நோக்கத்தைப் பற்றியும் எழுதாதீர்கள்.

வாக்கில்லாத இடத்தில் ஒரு வாக்கு

ஐஇடிஎஃப்பில் நிஜமாகவே வாக்களிக்கும் வாய்ப்பு ஒன்று இருக்கிறது. அதன் தலைமைப் பொறுப்புகளுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நியமனக் குழுவில் 10 பேருக்கு வாக்கு உண்டு. அந்த 10 பேரும் விருப்பம் தெரிவித்தவர்களிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கப்படுகிறார்கள். குலுக்கல் கணக்குக்குத் தொடக்கமாக அமையும் விதை எண்கள் யாராலும் முன்கூட்டி அறிய முடியாத, வெளியே எல்லோருக்கும் தெரியும் மூலங்களிலிருந்து வரும். கணக்கை நீங்களே போட்டுச் சரிபார்க்கலாம். ஒரே நிறுவனத்திலிருந்து இரண்டு பேருக்கு மேல் வர முடியாது.

2023-இல் வந்த விதிப்படி தகுதி பெற மூன்று வழிகள் உண்டு. கடைசி ஐந்து கூட்டங்களில் மூன்றில் நேரிலோ இணையவழியிலோ கலந்துகொண்டிருக்கலாம், அல்லது கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு பணிக்குழுவின் தலைவராகவோ செயலாளராகவோ இருந்திருக்கலாம், அல்லது கடந்த ஐந்து ஆண்டுகளில் குறைந்தது இரண்டு ஆர்எஃப்சிகளின் முகப்பில் எழுத்தாளராகப் பெயர் வந்திருக்கலாம். புதியவருக்கு முதல் வழி ஏற்றது. பயணச் செலவு இல்லாமலே மூன்று கூட்டங்களில் இணையவழியாகப் பதிவு செய்து கலந்துகொள்ளலாம். கட்டணச் சலுகையும் கேட்டுப் பார்க்கலாம்.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு இப்போதே பதிவு செய்யுங்கள். அப்புறம் ஒரே ஒரு பணிக்குழுவைத் தேர்ந்தெடுத்து அதன் சாசனத்தையும் கடைசி மூன்று கூட்டக் குறிப்புகளையும் படியுங்கள். விவாதத்தில் இருக்கும் வரைவில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பிரிவைப் பற்றி, எந்த வாக்கியம், யாருக்கு என்ன ஆகும், என்ன மாற்ற வேண்டும் என்ற வடிவில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால், இந்தக் குறை பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று தலைவரிடம் மரியாதையாகக் கேளுங்கள்.